முன்னூறு வீட்டுக்கு ஒரு புதன்கிழமை

நபீலா: ...இல்ல அங்கிள், வருசத்துக்கு இல்ல, மாசத்துக்கும் இல்ல. போன வாரம் மட்டும். ஞாயித்துக்கெழமையிலேருந்து சனிக்கெழம வரைக்கும். மொத்தம் எத்தன மணி நேரம் வேல செஞ்சீங்க?

அல்போன்ஸ்: நாப்பத்தெட்டு.

கத்தரீன்: அம்பத்தாறு.

அல்போன்ஸ்: ஏய்... என் மணி நேரத்த நான்தானே சொல்லணும்.

கத்தரீன்: சொல்லுங்க. சரியாச் சொல்லுங்க. மீரான் பாய் மக பிரிஞ்சாங்குலேருந்து மழையில மோட்டார் ஓட்டிக்கிட்டு வந்திருக்கு. தப்பா எழுதிக்கிட்டுப் போறதுக்கா?

நபீலா: நாலாவது தடவ ஆன்ட்டி. மூணு தடவ வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு எழுதியாச்சு. புதன்கெழம காலையில பத்து மணிக்குக்கூட. இந்த லயத்துல எனக்கு எட்டு வீடு குடுத்திருக்காங்க. ஏழு முடிச்சிட்டேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள இதையும் அனுப்பிட்டா என் வேல முடிஞ்சுது.

அல்போன்ஸ்: ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு, பூட்டித்தான் கெடக்கும். அதையே எழுதிக்கலாம்லா. 'இந்த வீட்டுல வேலைக்குப் போகாம பொந்தேங் போடுற ஆளே கெடையாது, அதான் எப்பப் பாத்தாலும் பூட்டு.'

கத்தரீன்: பள்ளிக்கூடத்துலயே பொந்தேங் எல்லாம் போட்டு முடிச்சிட்டாரு. வேலைக்குன்னு மிச்சம் வைக்கல.

நபீலா: அதுதான் ஆன்ட்டி கேள்வியே. நாடு முழுக்க ஜனங்க எத்தன மணி நேரம் உழைக்கிறாங்க, எத்தன பேரு வேலைக்குப் போகாம நின்னுடுறாங்க, எதுக்காக நிக்கிறாங்க... வருசா வருசம் அது ஏறுதா எறங்குதா. வாரத்துக்கு நாப்பத்தஞ்சு மணி நேரம்னு சட்டம் போட்டாங்களே, அது மலையேறி இங்க வந்து சேந்துச்சான்னும் பாக்கணும்ல.

அல்போன்ஸ்: வந்துச்சு வந்துச்சு. தாப்பாவுல பஸ் மாறி, வாந்தி எடுத்துக்கிட்டே வந்து சேந்துச்சு. நாப்பத்தஞ்சு... மேல மூணு மணி நேரம் ஓ.டி. நாப்பத்தெட்டு. எழுதிக்க.

கத்தரீன்: புதன்கெழம டபுள் ஷிப்டு பாத்தீங்களே. அத எங்க வச்சீங்க?

அல்போன்ஸ்: ...எது?

கத்தரீன்: எதுவா? விடியகாலம் அஞ்சரைக்குப் போன மனுசன் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, 'ஆள் இல்ல, டபுள் அடிக்கச் சொல்லிட்டாங்க'ன்னு சொன்னீங்க. கால அமுக்கி விடச் சொன்னீங்க. அமுக்குனேன்.

அல்போன்ஸ்: ஆமா... அமுக்குன.

கத்தரீன்: அப்ப எட்டு மணி நேரம் கூட வருதுல்ல?

அல்போன்ஸ்: அது... அது வேற கணக்குலா. ஃபேக்டரி கணக்கு உனக்குப் புரியாது. நபீலா, நாப்பத்தெட்டுன்னே போடும்மா.

நபீலா: அங்கிள், ஒரு விசயம் சொல்லவா? எல்லா வீட்டுக்கும் போயி கேக்க முடியாதுன்னு கம்ப்யூட்டர் சில வீட்டத்தான் எடுக்கும். உங்க வீடு ஒரு வீடு இல்ல. ஒரு முன்னூறு வீட்டுக்குச் சமம்னு வச்சுக்குங்க.

அல்போன்ஸ்: முன்னூறா?

நபீலா: நீங்க எட்டு மணி நேரம் கூட்டிச் சொன்னா, எங்கயோ முன்னூறு பேரு எட்டு மணி நேரம் கூட உழைச்ச மாதிரி ஆயிரும். நீங்க ஒரு நாள் பொந்தேங்னு சொன்னா முன்னூறு பேரு பொந்தேங்.

கத்தரீன்: முன்னூறு அல்போன்ஸா... மாதாவே, நாடு தாங்குமா?

அல்போன்ஸ்: சிரி, நல்லாச் சிரி. நபீலா, அந்தச் சுவர பாரு. அஞ்சு கடிகாரம் தொங்குதா? கடையில வாங்கினது ஒன்னுகூட இல்ல. ஒரு வருசம் பூரா ஒரு நாள்கூட நிக்காம வந்த ஆளுக்கு, வருசக் கடைசி விருந்துல துரை கையால குடுக்கிறது. முப்பத்தொரு வருசத்துல அஞ்சு தடவ.

கத்தரீன்: அஞ்சும் அஞ்சு நேரம் காட்டுது. எதப் பாத்து ஒல வைக்கிறதுன்னே தெரியல.

நபீலா: அங்கிளுக்கு இன்னும் எத்தன வருசம் வேல இருக்கு?

அல்போன்ஸ்: வருசமா? நாலு மாசம். டிசம்பரோட அறுபது முடியுது. ஆபீஸ் கிராணி கடுதாசியே குடுத்துட்டாரு.

நபீலா: அப்ப இந்த வீடு...

கத்தரீன்: வீடு அவரு பேருல. ஃபேக்டரி ஆளுங்களுக்குக் குடுக்கிற வீடு. நான் தேயிலைக் கொழுந்துக் காட்டுல கன்ட்ராக்ட் ஆளு, எனக்கு வீடெல்லாம் கெடையாது. ஜனவரி பொறக்குறதுக்குள்ள சாவியக் குடுத்துறணும்.

நபீலா: எங்க போவீங்க?

அல்போன்ஸ்: ஈப்போ. மகன் எட்ரியன் வீடு. ஃபிளாட். ஒம்பதாவது மாடி. இவளுக்கு அந்த வீடுன்னா உயிரு.

கத்தரீன்: இவருக்குத்தான் உயிரு. 'லிப்ட் இருக்கு, வெயிலு இருக்கு, முட்டிவலி பறந்துரும்'னு ஆறு மாசமா இதே பாட்டு.

அல்போன்ஸ்: நீயும் அதானே சொல்ற. 'பேரப்புள்ளைய நான் தூக்காம யாரு தூக்குவா'ன்னு.

கத்தரீன்: சொன்னேன். சொல்லலன்னு சொன்னேனா? நல்ல வீடு. கக்கூஸுல எல்லாம் பளபளன்னு ஓடு.

அல்போன்ஸ்: ரொம்ப நல்ல வீடு. ஜன்னல்லேருந்து பாத்தா ஹைவே தெரியும்.

கத்தரீன்: ராத்திரி முழுக்கத் தெரியும்.

நபீலா: ...சரி. ரெண்டு பேருக்கும் சந்தோசம்னு எழுத இங்க எடம் இல்ல. ஆன்ட்டி, இப்ப நீங்க. போன வாரம் எத்தன மணி நேரம்?

கத்தரீன்: எங்களுக்கு மணி நேரம் ஏதும்மா, கிலோதான். காலையில ஆளு எண்ணுற பெரட்டுல பேரு குடுப்போம், லோரி ஏத்திக்கிட்டுப் போகும். ஏழிலேருந்து மூணு. ஆறு நாளு. நீயே பெருக்கிக்க.

நபீலா: ஒரு நாள்கூட நிக்கலையா?

கத்தரீன்: நிக்கல.

அல்போன்ஸ்: இவளா நிப்பா? வருசப் பொறப்பன்னைக்கே லோரி வருதான்னு எட்டிப் பாத்தவம்மா இவ.

நபீலா: திங்கக்கெழம போனீங்க. செவ்வா போனீங்க. புதன்...

கத்தரீன்: போனேன்.

நபீலா: புதன்கெழமையுமா?

கத்தரீன்: என்ன, புதன்கெழம, புதன்கெழமைன்னு... மத்த நாளு எல்லாம் கோவிச்சுக்கப் போவுது.

நபீலா: சும்மாதான் ஆன்ட்டி. ஒவ்வொரு நாளா கேக்கணும்.

அல்போன்ஸ்: இரு இரு... புதன்கெழமையா?

கத்தரீன்: நீங்க சும்மா இருங்க. உங்களுது முடிஞ்சுது.

அல்போன்ஸ்: இல்ல, எனக்கு ஒன்னு நெனப்புல வருது. நபீலா, கொழுந்து வெட்டுற மிஷின் பாத்திருக்கியா? இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு, நடுவுல செடி. ரெண்டு பேரு புடிச்சாத்தான் நகரும். ஒரு ஆளு வரலைன்னா மத்த ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவளோட ஜோடி, பக்கத்து வீட்டு புவனேஸ். பதினோரு வருசமா அதே ஜோடி.

நபீலா: ம்...

அல்போன்ஸ்: அந்த புவனேஸு புதன்கெழம வயித்தால போகுதுன்னு எம்.சி. லீவு போட்டுட்டு, போர்வையப் போத்திப் படுத்திருந்துச்சு. அது புருசன் சுகுமாரன் என்கிட்ட சொன்னான். அப்ப நீ... அந்தப் பக்கம் யாரு புடிச்சா, கத்தரீனு?

கத்தரீன்: ...வேற ஆளு போட்டாங்க.

அல்போன்ஸ்: யாரு?

கத்தரீன்: ஒரு வங்காளப் பையன்.

அல்போன்ஸ்: பேரு?

கத்தரீன்: பேரு கேட்டுக்கிட்டுத்தான் கொழுந்து வெட்டுவாங்களா?

அல்போன்ஸ்: நீ கேப்ப. ஊரு கேப்ப, புள்ள எத்தனன்னு கேப்ப, சாயங்காலம் வந்து எனக்கு அவன் ஜாதகத்தயே ஒப்பிப்ப. புதன்கெழம வந்து ஒன்னுமே சொல்லல.

கத்தரீன்: நீங்க பதினோரு மணிக்கு வந்தா யாருக்குச் சொல்றது, செவுத்துக்கா? சரி... சுகுமாரன் எப்பச் சொன்னான்?

அல்போன்ஸ்: மறுநாளு. 'மத்தியானம் ரெண்டரைக்கு ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போனா இவ போத்திப் படுத்திருக்கா'ன்னு...

கத்தரீன்: மத்தியானம் முடிஞ்சுதா? அவனுக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்டுல்ல? புவனேஸும் அதையேதான் சொன்னா. 'என் வீட்டு ஆளு காலை ஷிப்டுக்கு மாத்திக்கிட்டுப் போயிருச்சு, யாருக்காகன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது'ன்னு. சுகுமாரன் காலையில யாரு எடத்துல நின்னான்?

அல்போன்ஸ்: எத்தனையோ ஆளு இருக்கான் ஃபேக்டரியில.

கத்தரீன்: கொழுந்து உருட்டுற ரோலிங் ரூம்ல சுகுமாரன் மாத்திக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். அப்ப டபுள் இல்ல. காலையில நீங்க ஃபேக்டரியிலயே இல்ல.

அல்போன்ஸ்: நீ கொழுந்துக் காட்டுல இல்ல.

கத்தரீன்: எங்க போனீங்க?

அல்போன்ஸ்: நீ எங்க போன?

கத்தரீன்: நான் மொதல்ல கேட்டேன்.

அல்போன்ஸ்: இல்ல, மிஷினப் பத்தி நான்தான் மொதல்ல கேட்டேன். நபீலா, யாரு மொதல்ல கேட்டா?

நபீலா: அங்கிள்... ஆன்ட்டி... கொஞ்சம் இருங்க. ஒரு கத சொல்லவா?

கத்தரீன்: இப்பவா? சண்ட சூடு புடிக்கிற நேரத்துலயா?

நபீலா: இப்பத்தான் சொல்லணும். காலையில மோட்டார எடுத்ததுலேருந்து, சொல்றதா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். இதே மலையில, ரிங்லெட்டுல புதுசா அறுபது வீடு கட்டுறாங்கல்ல... சின்ன வீடு, குலுக்கல்ல குடுப்பாங்கன்னு...

அல்போன்ஸ்: ...அப்படியா. எனக்குத் தெரியாது.

கத்தரீன்: எனக்கும் தெரியாது. யாரோ பேசிக்கிட்டாங்க.

நபீலா: அந்த வீட்டுக்கு ஃபாரம் வாங்கி நெரப்பிக் குடுக்கிறது ஒரே நாள்தான். புதன்கெழம. விடியறதுக்கு முன்னாலயே அந்த ஆபீஸ் வாசல்ல க்யூ. பனி. எதுத்தாப்புல இருக்கிற ஆளு மொகமே தெரியல. அந்தக் க்யூவுல பன்னெண்டாவது ஆளா ஒரு மனுசன் நின்னாரு. ஃபேக்டரி சட்டை, அதுக்கு மேல மழக்கோட்டு. பட்டன கழுத்து வரைக்கும் போட்டு, யாராச்சும் பாத்துருவாங்களோன்னு தொப்பிய மூக்கு வரைக்கும் எறக்கி விட்டிருந்தாரு.

அல்போன்ஸ்: குளிருல எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.

நபீலா: அவருக்கு நின்ன எடத்துல நிக்க முடியல. கடிகாரத்தப் பாக்கிறாரு, வானத்தப் பாக்கிறாரு. மத்தியான ஷிப்டுக்குப் போய்ச் சேரணும்ல. முன்னால நின்ன ஆளுகிட்ட, 'முப்பத்தொரு வருசம் இந்தக் குளிருல இருந்துட்டேன், கீழ எறங்குனா நான் செத்துருவேன்'னு சொல்லிக்கிட்டிருந்தாரு. 'அப்ப வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா'ன்னு அந்த ஆளு கேட்டான். இல்லையாம். 'எம் பொண்டாட்டிக்கு மகன் வீட்டுக்குப் போகணும், பேரப்புள்ளைய தூக்கணும்னு ஆச. குலுக்கல்ல வீடு விழுந்தா மட்டும் சொல்றேன். விழலைன்னா வாயே தொறக்காம அவ பின்னாலயே ஒம்பதாவது மாடிக்குப் போயிருவேன்'னு சொன்னாரு.

அல்போன்ஸ்: சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு அந்த ஆளு.

கத்தரீன்: அந்த ஆளா? எந்த ஆளுங்க?

நபீலா: கத முடியல ஆன்ட்டி. பதினோரு மணிக்கு அந்த மனுசன் ஃபாரத்தக் குடுத்துட்டு ஓட்டமா ஓடிட்டாரு. பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ் வந்து நின்னுச்சு. அதுலேருந்து ஒரு அம்மா எறங்குனாங்க. கொழுந்துக் காட்டு பூட்ஸ், மேல நல்ல சேல.

கத்தரீன்: நபீலா, அடுப்புல தண்ணி கொதிக்குது, நான் போயி...

அல்போன்ஸ்: ஒக்காரு. நல்ல கத. மேல சொல்லும்மா.

நபீலா: அந்த அம்மாவுக்கு எரநூத்தி மூணாவது நம்பரு. ஒக்கார எடமில்ல, படிக்கட்டுல ஒக்காந்தாங்க. பக்கத்துல இருந்த சீனக் கெழவிகிட்ட மலாயில ஒரே பேச்சு. எனக்கு இன்னும் ஏழு வருசம் கை ஓடும், மிஷின் புடிக்கிற கைய தொட்டில் ஆட்டவா குடுக்கச் சொல்றாங்க, பேரப்புள்ள மேல உயிருதான், ஆனா வாரத்துக்கு ஒரு தடவ பாத்தாப் போதும்... ரிங்லெட்டுல இருந்தா லோரி வாசல்லயே வந்து ஏத்திக்கும்...

அல்போன்ஸ்: ஏழு வருசமா? என்கிட்ட 'கை வலிக்குது, போதும்'னு சொன்னா அவ.

கத்தரீன்: சொல்லாம? நீங்கதான் ஈப்போ ஈப்போன்னு குதிக்கிறீங்களே. மனுசன் முப்பத்தொரு வருசம் ஃபேக்டரி மிஷின் எரைச்சல்ல நின்னாரு, கடைசி காலத்துல மகன் வீட்டுல கால நீட்டட்டும்னு... கை வலின்னு சொன்னாத்தானே நீங்க நிம்மதியா கெளம்புவீங்க.

அல்போன்ஸ்: நான் எங்க குதிச்சேன்? உன் மூஞ்சியப் பாத்துப் பாத்துக் குதிச்சேன். நீ சிரிப்பன்னு லிப்ட் இருக்குன்னேன். அந்த லிப்ட்டுல ஏறுனா எனக்குத் தலையே சுத்தும் கத்தரீனு.

கத்தரீன்: எனக்கு அந்த ஹைவே சத்தத்துல ஒரு பொட்டுத் தூக்கம் வராதுங்க.

அல்போன்ஸ்: அப்ப உனக்கும் போக வேணாமா?

கத்தரீன்: உங்களுக்கும் வேணாமா?

அல்போன்ஸ்: ஆறு மாசம்... ஆறு மாசமா ரெண்டு பேரும் யாருக்காகப் பொட்டி கட்டுனோம்?

கத்தரீன்: யாரைக் கேக்குறீங்க? நாலு பொட்டி கட்டினது நான்.

அல்போன்ஸ்: கட்டுன பொட்டியெல்லாம் பிரிச்சுப் போடு. ரெண்டு பேரும் ஃபாரம் குடுத்திருக்கோம்லா. ஒன்னு விழலைன்னா ஒன்னு விழும்.

கத்தரீன்: ஆமாங்க. ஒரு குலுக்கல்ல ரெண்டு சீட்டு. அறுபது வீடுதானே...

நபீலா: விழாது.

அல்போன்ஸ்: ஏம்மா இப்படி வாயில மண்ண அள்ளிப் போடுற.

நபீலா: அதச் சொல்லத்தான் அங்கிள் இந்தக் கதையே. கவுண்டர்ல எனக்கு முன்னால ஒரு ஜோடி. புருசன் ஒரு ஃபாரம், பொண்டாட்டி ஒரு ஃபாரம் நீட்டுனாங்க. கவுண்டர்ல இருந்த அம்மா எடுத்த எடுப்புலயே சொல்லிட்டாங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபாரம். ரெண்டு பேரும் தனித்தனியாக் குடுத்தா, அடையாளக் கார்டு நம்பர வச்சுக் கண்டுபுடிச்சு ரெண்டையும் தள்ளிருவாங்க. குலுக்கலுக்கே போகாது.

கத்தரீன்: ரெண்டுமா?

நபீலா: ரெண்டும்.

அல்போன்ஸ்: அலாமாக்... அதுல ஒரு கேள்வி இருந்துச்சு. 'உங்க துணை விண்ணப்பம் குடுத்திருக்காங்களா'ன்னு. நான் பெருசா 'இல்ல'ன்னு கோடு போட்டேன்.

கத்தரீன்: நானும் 'இல்ல'தான் போட்டேன். ரெண்டு தடவ அழுத்திப் போட்டேன்.

அல்போன்ஸ்: பொய்யா எழுதலையே நாம. தெரியாமத்தானே...

கத்தரீன்: தெரியாமத்தான். அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிற ரெண்டு ஆளு, ஒரே நாள்ல, ஒரே ஆபீசுக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம போனோம்னு சொன்னா யாரு நம்புவா?

அல்போன்ஸ்: இந்த மலையில சாவியக் குடுத்துட்டா வேற எடமே இல்ல. வாடகைக்கெல்லாம் ஹோட்டல்காரன் புடிச்சு வச்சிருக்கான். போச்சு. எல்லாம் போச்சு.

நபீலா: போகல அங்கிள். நாளைக்கு, திங்கக்கெழம, மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஒருத்தர் போயி தன்னோடத வாபஸ் வாங்கிட்டா மத்தது நிக்கும். அந்த ஜோடிக்கு அதத்தான் சொன்னாங்க. என் காதால கேட்டேன்.

அல்போன்ஸ்: உன் காதால...

கத்தரீன்: இரு புள்ள. அந்த ஆளு கத, அந்த அம்மா கத... பன்னெண்டாவது ஆளு பேசினதும் கேட்டிருக்க, படிக்கட்டுல நான் பேசினதும் கேட்டிருக்க. நீ எங்க இருந்த?

நபீலா: ...தூணுக்குப் பின்னால.

அல்போன்ஸ்: க்யூவுலயா?

நபீலா: நூத்தி நாப்பதாவது நம்பரு. க்யூ சுத்தி வளைஞ்சு உங்க பக்கத்துலயே வந்துச்சு. மாஸ்க் போட்டுக்கிட்டு நின்னேன். எம் புருசன் தவ்ஃபீக் வீட்டுல, கடைக்கு மேல, மூணு ரூம்ல எட்டுப் பேரு ஆன்ட்டி. கல்யாணமாகி ரெண்டு வருசம்... நானும் அவரும் ஒரு நாள்கூட சத்தமாச் சண்ட போட்டதில்ல. எடம் இல்ல.

கத்தரீன்: பாவம் புள்ள.

அல்போன்ஸ்: நில்லு. புதன்கெழம காலையில பத்து மணிக்கு இங்க வந்து கதவத் தட்டுனேன்னு சொன்னியே? அந்த டேப்லெட்டுலகூடக் காட்டுன. 'வீடு பூட்டி இருந்தது'ன்னு.

நபீலா: வரல. எழுதிட்டேன். எப்படியும் நீங்க ரெண்டு பேரும் வேலையிலதான் இருப்பீங்கன்னு...

கத்தரீன்: அப்பவும் பூட்டித்தான் கெடந்துச்சு.

நபீலா: அதான் ஆன்ட்டி கொடும. பொய்யா எழுதினது உண்மையாப் போச்சு.

அல்போன்ஸ்: நாட்டுல எத்தன பேரு பொந்தேங்னு எண்ண வந்த ஆளே பொந்தேங்கா? இது எத்தன வீட்டுக்குச் சமம்மா?

நபீலா: சிரிக்காதீங்க அங்கிள். இதச் சொன்னா என் விசயம் வெளிய வந்துரும்னு நாலு நாளா முழுங்கிக்கிட்டிருந்தேன். வெள்ளிக்கெழம வந்தேன், அது நெசம், அப்பவும் பூட்டு. பேசாம நீங்க சொல்றத எழுதிக்கிட்டுப் போயிரலாம்னுதான் இன்னைக்கும் வந்தேன். நான் வந்ததும் ஆன்ட்டி துண்ட எடுத்துத் தலையத் தொவட்டி விட்டாங்க... அப்புறம் முடியல.

கத்தரீன்: வெளிய தெரிஞ்சா உன் வேல போயிருமா?

நபீலா: திட்டு விழும். அடுத்த வருசச் சர்வேக்குக் கூப்பிட மாட்டாங்க. பரவால்ல. புதன்கெழம வரலைன்னு நானே திருத்தி அனுப்பிடுறேன். இப்ப நீங்க உங்களுத நெசமாச் சொல்லுங்க. அங்கிள்?

அல்போன்ஸ்: நாப்பத்தெட்டு. அதுதான் நெசம். காலை ஷிப்ட மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான். நான் நிக்கல. கடிகாரத்துக்கு ஒன்னும் ஆகல.

கத்தரீன்: கால் அமுக்கினதுக்கு ஆச்சு. அதத் திருப்பிக் குடுங்க.

நபீலா: ஆன்ட்டி?

கத்தரீன்: நாப்பது. ஒரு நாள் நின்னேன். பெரட்டுல பேரு குடுக்கிற நேரத்துல வயித்தப் புடிச்சேன். மிஷினுக்கு ஜோடி வேணுமே, நான் மட்டும் நின்னா புவனேஸு என்ன பண்ணுவா? அவளும் புடிச்சா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ரெண்டு பேரையும் ஏற எறங்கப் பாத்துட்டு, 'ரெண்டு பேருக்கும் ஒரே வயிறா'ன்னு கேட்டாரு. 'ஒரே கறி சாப்பிட்டோம் ஐயா'ன்னா புவனேஸு.

அல்போன்ஸ்: அப்ப ஒரு வீட்டு ஃபாரத்துக்கு ரெண்டு எம்.சி.யா?

கத்தரீன்: முன்னூறால பெருக்கிப் பாருங்க. அறநூறு வயித்தால. சுகாதார மந்திரிக்கே பேதி கண்டிருக்கும்.

நபீலா: காரணம் என்னன்னு போட? இங்க இருக்கிறது... உடம்பு சரியில்ல, லீவு, மழ, விசேஷம், மத்தது.

கத்தரீன்: வீடு தேடப் போனது எதுல வரும்?

நபீலா: மத்தது.

அல்போன்ஸ்: மத்ததா? தலைக்கு மேல கூரை இல்லாமப் போறது இவங்களுக்கு மத்ததா?

நபீலா: பக்கத்துல எழுத ஒரு கோடு இருக்கு அங்கிள். எழுதுறேன். 'வீடு கேட்க வரிசையில் நின்றார்.' சரியா?

கத்தரீன்: சரி. அத அப்படியே எழுது. முன்னூறு பேரு நின்ன மாதிரியே இருக்கட்டும். அன்னைக்கு அதுக்கு மேலயே நின்னாங்க.

அல்போன்ஸ்: சரி, இப்ப நம்ம விசயம். நாளைக்கு யாரு வாபஸ் வாங்குறது? நான் போறேன். என்னோடத எடுத்துடறேன். உன்னோடது நிக்கட்டும். உனக்கு ஏழு வருசம் வேல இருக்கு, சம்பளச் சீட்டு இருக்கு.

கத்தரீன்: நீங்க போனா நாளைக்குக் கடிகாரம் போயிரும். நான் போறேன். எப்படியும் ஒரு நாள் நின்னாச்சு, ரெண்டு நாளா நிக்கட்டும். உங்களோடது இருக்கட்டும்.

அல்போன்ஸ்: கடிகாரம் கெடக்குது கழுத. அஞ்சு போதாதா? உன் பேருலதான் வீடு இருக்கணும். இந்த வீடு என் பேருல இருந்து என்ன ஆச்சு? நான் கெழவனானதும் நீ தெருவுக்கு வர வேண்டியதாப் போச்சு.

கத்தரீன்: நபீலா முன்னால இப்படியெல்லாம் பேசாதீங்க. என்னவோ மாதிரி இருக்கு.

நபீலா: நான் டேப்லெட்டப் பாத்துக்கிட்டிருக்கேன் ஆன்ட்டி. எதையும் கேக்கல.

அல்போன்ஸ்: முடிஞ்சுது. என்னோடதத்தான் எடுக்கிறோம்.

கத்தரீன்: இல்ல, என்னோடதத்தான்.

அல்போன்ஸ்: ஏன் இப்படி அடம் புடிக்கிற? உன்னோடதுல அப்படி என்ன கொற?

கத்தரீன்: கொற ஒன்னும் இல்ல. எடுத்துடுவோம்னா எடுத்துடுவோம்.

நபீலா: அங்கிள், ஒரு விசயம். எந்த ஃபாரத்துல எத்தன பேரு குடியிருக்கப் போறாங்கன்னு போட்டிருக்கீங்களோ, அத வச்சுத்தான் வீட்ட எழுதுவாங்க. அதுல இல்லாத பேர அப்புறம் சேக்கிறது லேசு இல்ல. அதப் பாத்து முடிவு பண்ணுங்க. நீங்க எத்தன பேருன்னு போட்டீங்க?

அல்போன்ஸ்: ரெண்டு. இவ பேர மொதல்ல எழுதி, கீழ என் பேரு.

நபீலா: ஆன்ட்டி, நீங்க?

கத்தரீன்: தே-ஓ ஆறிப் போகுது. குடி மொதல்ல.

நபீலா: குடிச்சிட்டேன் ஆன்ட்டி.

அல்போன்ஸ்: கத்தரீனு. எத்தன பேருன்னு போட்ட?

கத்தரீன்: ...எல்லாரும் போடுறதுதான்.

அல்போன்ஸ்: எல்லாரும் எத்தன போடுவாங்க?

கத்தரீன்: ...ஒன்னு.

அல்போன்ஸ்: ஒன்னா? அப்ப நான்?

கத்தரீன்: நீங்கதான் ஈப்போவுக்குப் போறீங்களே, நான் மட்டும் இருந்துக்கிறேன்னு ஒன்னுன்னு போட்டேன்... ஆனா கேட்டது ரெண்டு ரூம் வீடுங்க. 'ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூம்'னு கவுண்டர்ல கேட்டுச்சு. 'எங்க வீட்டு மனுசன் மகன் வீட்டுக்குக் கெளம்பிக்கிட்டிருக்காரு, ஒரு மாசத்துல திரும்பி வந்துருவாரு'ன்னு சொல்லிட்டு வந்தேன்.